பொறி இல்லாத இலை

என் மகள் தன் உண்டியல் பணத்தில் வாங்கிவந்த முதல் செடி நான்கு மாதங்களில் இறந்துபோயிற்று. கொன்றது நான்தான். நோய் என்று நான் கருதிய ஒன்றுக்கு வைத்தியம் பார்த்தேன். அது நோயே அல்ல என்பது செடி போன பிறகுதான் தெரிந்தது. இக்கட்டுரையின் பின்னால் கொஞ்சம் குற்றவுணர்வு இருக்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

செடியின் பெயர் டயோனியா மஸ்கிபுலா. வீனஸ் பூச்சிப்பொறி என்றால் பலருக்கும் தெரிந்திருக்கும். மஸ்கிபுலா என்ற லத்தீன் சொல்லுக்கு எலிப்பொறி என்று பொருள். எலிக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பெயர் வைத்தவர்களுக்குப் பொறி என்பதே போதுமானதாக இருந்திருக்கிறது. நான் வசிக்கும் வட கரோலினாவில் மளிகைக்கடையின் பணம் செலுத்துமிடத்தில்கூடப் பிளாஸ்டிக் மூடியிட்ட சிறு குவளைகளில் இதை வைத்து விற்கிறார்கள். உலகம் முழுவதும் ஜன்னலோரங்களில் வளர்க்கப்படும் இந்தச் செடி, இயற்கையாக முளைப்பது இதே மாநிலத்தின் வில்மிங்டன் நகரை மையமாகக் கொண்டு ஏறத்தாழ 100 மைல் தொலைவுக்குள், இரு கரோலினாக்களின் கடலோரச் சமவெளியில் மட்டும்தான். அதாவது நாங்கள் அந்தச் செடியின் சொந்த ஊருக்கு அருகில் இருந்துகொண்டுதான் அதைக் கொன்றோம்.

வாங்கியபோது அதற்கு ஏழு பொறிகள் இருந்தன. மகள் அவற்றை வாய் என்றாள். சமையலறையில் வடக்கு பார்த்த ஜன்னலில் வைத்தோம். சில வாரங்களில் புதிய இலைகள் வந்தன. ஆனால் அவை பழையவற்றைப்போல் இல்லை. நீளமாகவும் அகலமாகவும், தாமே நிற்க வலுவில்லாமல் குவளையின் விளிம்பில் சரிந்து கிடந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் எள்ளளவுக்கு ஒரு பொறி. அடுத்து வந்த இலையில் அதுவும் இல்லை, வெறும் பச்சைத் தகடு. "அப்பா, இது ஏன் வாயே இல்லாம வருது?" என்று கேட்டாள்.

வாய் இல்லை என்றால் பசி என்று என் புத்தி முடிவு கட்டியது. பழைய பொறி ஒன்றில் வேகவைத்த கோழித்துண்டை வைத்தேன். அது மூடி, இரண்டு நாளில் அழுகிக் கறுத்தது. பிறகு ரோஜாவுக்கு வைத்திருந்த நீல நிற உரத்தைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். வீட்டில் யாராவது சோர்ந்து உட்கார்ந்தால் உடனே தட்டில் எதையாவது வைத்து நீட்டுவதுதானே நம் வழக்கம். மூன்று வாரத்தில் செடி வேரோடு கருகிவிட்டது. சத்தற்ற அமில மண்ணில் வாழப் பழகிய வேர்கள் அவை. குழாய்த் தண்ணீரின் உப்பே அவற்றுக்கு அதிகம். உரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் செடிக்கு என்ன ஆகியிருந்தது? ஒன்றும் ஆகவில்லை. வெளிச்சம் போதவில்லை, அவ்வளவுதான். பூச்சிப்பொறியில் நாம் இலை என்று நினைக்கும் பச்சைப் பகுதி உண்மையில் இலைக்காம்பு. நுனியில் வாய்போல் இருக்கும் பொறிதான் தாவரவியலாளருக்கு இலைப்பரப்பு. பொறியைச் செய்வதும் இயக்குவதும் செலவு பிடிக்கிற காரியம். அதன் உள்ளே ஒவ்வொரு மடலிலும் பெரும்பாலும் மூன்று உணர்மயிர்கள் இருக்கின்றன. ஏறத்தாழ 20 விநாடிக்குள் இரண்டு முறை அவை தீண்டப்பட்டால்தான் பொறி மூடும். ஒரு மழைத்துளிக்கோ உதிர்ந்த சருகுக்கோ ஏமாந்து மூடக்கூடாது என்கிற கணக்கு. மூடிய பிறகும் உள்ளே அகப்பட்டது துடிக்கிறதா என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. ஐந்து தீண்டல் அளவுக்குப் போன பிறகே செரிமான நீரைச் சுரக்கும் வேலை தொடங்குகிறது என்பதை ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 2016-ல் காட்டினார்கள். இவ்வளவு சிக்கனமான ஒரு ஜீவன், வெளிச்சம் குறைந்த இடத்தில் என்ன செய்யும்? பூச்சியிலிருந்து கிடைப்பது தழைச்சத்தும் மற்ற உப்புகளும்தான். வளர்வதற்கு வேண்டிய மாவுச்சத்தை வெயிலிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். ஆகவே பொறியைச் சுருக்கி, காம்பை அகலப்படுத்தி, கிடைக்கிற கொஞ்சம் வெளிச்சத்தைப் பிடிக்கப் பார்த்தது. அகன்ற பச்சைத் தகடாக அது கேட்டுக்கொண்டிருந்தது வெளிச்சம். நான் கொடுத்தது கோழி.

இந்தக் கணக்கை 1984-லேயே தாமஸ் கிவ்னிஷ் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு கோட்பாடாக எழுதியிருக்கிறார்கள். வெயிலும் நீரும் தாராளம், மண்ணில் மட்டும் வறுமை என்ற இடத்தில்தான் ஊனுண்ணுதல் ஒரு செடிக்குக் கட்டுப்படியாகும் என்பது அதன் சாரம். மூன்றில் ஒன்று மாறினாலும் பொறி வீண்செலவு. நம் ஊர்ப் பள்ளிப் பாடநூல்களில் நெப்பந்தஸ் குடுவையைப் படம் வரைந்து பாகங்களைக் குறித்தது பலருக்கும் நினைவிருக்கலாம். (பூச்சி விழுந்ததும் மூடி கவிந்துகொள்ளும் என்று எங்கள் வகுப்பில் சொல்லித்தந்தார்கள். அது மூடுவதில்லை; மழைநீர் நிறைந்துவிடாமல் காக்கும் குடை அது.) அந்தச் செடியை வீட்டில் வளர்ப்பவர்களும், காற்று வறண்டதும் குடுவை வராமல் இலைநுனிக் கொடி வெறுமனே காய்ந்துபோவதைக் கண்டு இதே புலம்பலைத்தான் புலம்புகிறார்கள். செடி தளதளவென்று இலை விட்டுக்கொண்டிருக்கும். இருந்தும் வளர்ப்பவர் முகத்தில் துக்க வீட்டின் களை.

நமக்கு வேண்டியது செடி அல்ல, அதன் வாய் என்பதுதான் விஷயம். வாய் இல்லாத நாட்களில் அது நமக்குக் குறைப்பட்ட ஒன்றாகிவிடுகிறது. இந்தப் பார்வைக் கோளாறு புதியதும் அல்ல. வட கரோலினாவின் ஆளுநராக இருந்த ஆர்தர் டாப்ஸ் 1760-ஐ ஒட்டி இச்செடியைப் பற்றி லண்டனுக்கு எழுதினார். பிறகு ஜான் எல்லிஸ் லின்னேயஸுக்கு விரிவாக எழுதிய கடிதம் 1770-ல் அச்சில் வந்தது. பூச்சியைச் செடி உணவாகக் கொள்கிறது போலும் என்று எல்லிஸ் அதில் ஊகித்திருந்தார். லின்னேயஸ் அதை ஏற்கவில்லை. தொட்டாற்சுருங்கி போல இதுவும் கூச்சமுள்ள செடி, பூச்சி துடிப்பதை நிறுத்தியதும் திறந்து விட்டுவிடும் என்றே அவர் கருதினார். விலங்கு செடியைத் தின்னலாம், செடி விலங்கைத் தின்பது படைப்பின் ஒழுங்குக்கு மாறு. உலகத்து உயிர்களையெல்லாம் வகைப்படுத்திய மனிதருக்கு, தன் வகைக்குள் அடங்காத ஒன்றைக் கண்ணெதிரே கண்டும் பார்க்க முடியாமல் போயிற்று. 1875-ல் டார்வின் பூச்சியுண்ணும் செடிகளைப் பற்றித் தனியே ஒரு நூல் எழுதும்வரை இந்தத் தயக்கம் முழுமையாக நீங்கவில்லை. அவருடைய மகன் பிரான்சிஸ் 1878-ல், பூச்சிக்குப் பதில் இறைச்சித் துணுக்கு ஊட்டிய பனிப்பூண்டுகள் ஊட்டாதவற்றைவிட அதிகம் விதைத்தன என்று எண்ணிக் காட்டினார். அன்றைக்கு லின்னேயஸால் நம்ப முடியாதது செடி தின்னும் என்பது. இன்றைக்கு நம்மால் பொறுக்க முடியாதது அது தின்னாமலும் இருக்கும் என்பது.

இரண்டாவது செடிக்கு வருகிறேன். இம்முறை மழைநீரை மட்டும் ஊற்றினோம். வீட்டுப் பின்புற மரத்தளத்தில் நாள் முழுதும் வெயில் படும் இடத்தில் வைத்தோம். குளிர்காலத்தில் அது சுருங்கித் தரையோடு தரையாய்க் கறுத்தபோது, நான் கைவைக்காமல் இருந்தேன். அதற்கு மூன்று நான்கு மாத உறக்கம் தேவை; தூங்கவிடாமல் வருடம் முழுவதும் வீட்டுக்குள் வெதுவெதுப்பாக வைத்திருந்தால் நாளடைவில் நலிந்துபோகும். மார்ச்சில் துளிர்த்தது. ஏப்ரல் கடைசியில் நடுவிலிருந்து ஒரு தண்டு மேலெழுந்தது.

பூத்தண்டு வந்தால் உடனே கத்தரித்துவிடு என்பது இச்செடி வளர்ப்போரிடையே ஏறக்குறைய வேதவாக்கு. பூப்பது செடியின் பலத்தை உறிஞ்சிவிடும், அந்த வருடம் பொறிகள் சிறுத்துவிடும் என்பார்கள். நோஞ்சானான செடிக்கு இந்த அறிவுரை சரிதான். ஆனால் எல்லாச் செடிக்கும் எல்லா வருடமும் இதைச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. செடி தன் வம்சத்தைப் பற்றி யோசிப்பதைவிட நம் கண்ணுக்கு வாய் பெரிதாக இருப்பது முக்கியம் என்பதற்கு மேல் அதில் நியாயம் ஏதும் தெரியவில்லை. நானும் கத்தரியை எடுத்துக்கொண்டுதான் போனேன். மகள் தடுத்துவிட்டாள். அவள் செடி, அவள் உரிமை.

தண்டு ஒரு சாண் உயர்ந்தது. நுனியில் மொட்டுகளை எதிர்பார்த்திருந்தோம். அங்கே மொட்டுகள் இல்லை. பச்சையாக ஒரு சிறு குடுமி. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது அது இலைகளின் கொத்து என்று தெரிந்தது. ஒவ்வொரு இலையின் நுனியிலும் கடுகளவு பொறி, அதன் விளிம்பில் பல்வரிசை. பூ வர வேண்டிய இடத்தில் ஒரு முழுச்செடி, பொம்மைக் கொலுவில் வைக்கிற அளவுக்கு. காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. "செடி குட்டி போட்டிருக்கு" என்றாள் மகள். எனக்குத் தோன்றிய முதல் சொல் விகாரம் என்பது. அதை இங்கே மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அவளுடைய சொல்தான் உண்மைக்கு நெருக்கமானது. தாவரவியலில் இதைப் பொய்க் குட்டியீனல் என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். விதை முளைத்து வந்த குட்டியல்ல என்பதால் பொய். பூவாக வேண்டிய வளர்நுனி பாதி வழியில் மனம் மாறி மறுபடி இலை செய்யத் திரும்பியிருக்கிறது. மரபு அளவில் அது தாய்ச்செடியின் மறுபிரதிதான்.

இந்த இடத்தில் கதேயை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கவிஞராக மட்டுமே நாம் அறிந்த அந்த மனிதர் 1790-ல் தாவரங்களின் உருமாற்றம் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். இதழும் மகரந்தத் தாளும் சூலகமும் எல்லாம் ஒரே உறுப்பின் வெவ்வேறு வேடங்கள், அந்த ஒன்றை இலை என்று அழைக்கலாம் என்பது அவருடைய வாதம். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளில் ஒன்று, பூவின் நடுவைத் துளைத்துக்கொண்டு மறுபடி தண்டு எழும்பிய ஒரு ரோஜா. தோட்டக்காரர் கிள்ளி எறிந்திருக்கக்கூடிய கோணல் பூ அது. ஒழுங்கான ஆயிரம் ரோஜாக்கள் மறைத்து வைத்திருந்த ரகசியத்தை அந்தக் கோணல் ரோஜா உளறிவிட்டது என்றே கதே அதைப் படித்தார். அவருடைய கோட்பாட்டின் எல்லாப் பகுதிகளும் பின்னால் நிலைக்கவில்லை. ஆனால் பூவின் உறுப்புகள் உருமாறிய இலைகளே என்ற மையக் கருத்தை இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மரபியல் வேறு வழியில் வந்து ஆமோதித்தது. பூவின் உறுப்பை நிர்ணயிக்கும் மரபணுக்களைச் செயலிழக்கச் செய்தால், பூ இருக்க வேண்டிய இடத்தில் இலைகள்தாம் வருகின்றன.

நம்மிடம் இந்த வகைப் பார்வை இல்லை என்று சொல்லமாட்டேன். இரண்டாகக் கிளைத்த பனைமரத்தைச் சுற்றி மஞ்சள் துணி கட்டி விளக்கேற்றுகிற ஊர்கள் உண்டு. ஐந்தாவது காலொன்று முதுகில் தொங்கும் மாட்டைக் கோலம்போல் அலங்கரித்து வீடு வீடாக ஓட்டிவந்து அரிசி வாங்கிப்போகிறவர்களைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அதில் வியப்பு இருந்தது, பயமும் இருந்தது. ஏன் என்ற கேள்விதான் இல்லை. ஆனால் அந்த வியப்பைக்கூட இன்றைய செடிச் சந்தையோடு ஒப்பிட்டால் மேலானது என்பேன். பூச்சிப்பொறியில் திசு வளர்ப்பு பரவலான பிறகு, ஆய்வுக்கூடக் குப்பிகளில் அவ்வப்போது தோன்றும் பிறழ்வுகளைப் பொறுக்கியெடுத்துப் பெயர் சூட்டி விற்கும் வழக்கம் வந்துவிட்டது. மடல்கள் ஒட்டிக் கிண்ணமாய் நிற்கும் 'கப் ட்ராப்', பற்கள் ஒன்றோடொன்று இணைந்த 'ஃப்யூஸ்டு டூத்', பொறி முறுக்கிக்கொண்டு உருவம் கெட்ட 'வாக்கி ட்ராப்ஸ்'. இவற்றில் கடைசி வகை ஒழுங்காக மூடுவதுகூட இல்லை. காட்டில் ஒரு பருவம் தாங்காத செடியைச் சேகரிப்பாளர்கள் விலை கொடுத்து வாங்கி அலமாரியில் அடுக்குகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வெளிச்சம் போதாமல் பொறியின்றி வந்த இலை, தன் சூழலுக்குப் பொருந்த முயலும் ஆரோக்கியமான பதில். அதை நோய் என்கிறோம். மூட முடியாத பொறி, பதிலே அல்ல, வெறும் பிழை. அதற்குப் பெயர் சூட்டு விழா நடத்துகிறோம். வாய் என்ற ஒன்று இருக்கிறதா இல்லையா என்பதே நம் அளவுகோலாக இருந்தால் இப்படித்தான் முடியும்.

இது தொட்டி வளர்ப்போரின் தனிப்பட்ட ரசனை, இதில் ஏன் இவ்வளவு சூடு என்று நண்பர்கள் கேட்கலாம். தொட்டியோடு நிற்கிற விஷயமாக இருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். கனடாவிலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரை நெடுகச் சதுப்புகளில் வளரும் சர்ரசீனியா பர்பூரியா என்றொரு குடுவைச் செடி உண்டு. மழைநீர் தேங்கி நிற்கும் குடுவையே அதன் பொறி. நிக்கலஸ் கொட்டெல்லி, ஆரன் எல்லிசன் என்ற இரு சூழலியலாளர்கள் இச்செடிகளின் குடுவைகளில் வெவ்வேறு அளவு நைட்ரஜன் கலந்த நீரை ஊற்றிப் பார்த்து, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். நைட்ரஜன் கூடக் கூட, செடி குடுவையைச் சுருக்கிக்கொண்டு தட்டையான, வாள்போன்ற இலைகளை விட்டது. சத்து சும்மா கிடைக்கும்போது பொறி எதற்கு? அந்தத் தட்டை இலைகள் ஒளிச்சேர்க்கையில் குடுவைகளைவிடத் திறமையானவையாகவும் இருந்தன. சோதனையில் அவர்கள் கையால் ஊற்றியதை, வாகனப் புகையும் அனல்மின் நிலையங்களும் பண்ணை உரமும் சேர்ந்து மழையில் கரைத்து உண்மையான சதுப்புகளின்மீது ஊற்றுகின்றன. ஆகவே ஒரு சதுப்பில் குடுவைகள் எவ்வளவு பருமனாக இருக்கின்றன என்பதை அளந்தே அங்கே மழையோடு வரும் நைட்ரஜனை ஓரளவு மதிப்பிட முடியும் என்று அவர்கள் சொன்னார்கள்.

அதைப் படித்த இரவில் எனக்கு அந்த முதல் செடி நினைவுக்கு வந்தது. நான் ஒரு குவளையில் செய்ததைத்தான் நாம் ஒரு நிலப்பரப்பில் செய்துகொண்டிருக்கிறோம். அங்கேயும் செடி தட்டை இலையாகத் தன் சாட்சியத்தைச் சொல்கிறது. அழகான குடுவையைப் படம் பிடிக்கப் போகிறவர் அந்த இலையைக் காலால் ஒதுக்கிவிட்டு நடப்பார்.

சென்ற கோடையில் பிரன்ஸ்விக் மாவட்டத்தின் கிரீன் ஸ்வாம்ப் காப்பிடத்துக்கு மகளோடு போய்வந்தேன். பெயர் சதுப்பு என்றாலும் பூச்சிப்பொறிகள் இருக்கும் இடம் திறந்த புல்வெளி. இடையிடையே நீள் ஊசியிலைப் பைன் மரங்கள், அடிமரம் நெருப்பில் கரிந்தவை. சில வருடங்களுக்கு ஒருமுறை வேண்டுமென்றே அங்கே தீ வைக்கிறார்கள். பூச்சிப்பொறியின் கிழங்கு மண்ணுக்கடியில் பிழைத்துக்கொள்கிறது. மேலே அடர்ந்த புதர்கள் எரிந்து வெயில் இறங்குகிறது. தீ பட்டுத் திறந்திருந்த பகுதியில் செடிகள் தரையோடு ஒட்டி, பொறியின் உட்புறம் இரத்தச் சிவப்பாக, சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிதாக இருந்தன. தேடி வந்தவர்கள் காலருகே இருப்பதைப் பார்க்காமலே கடந்துபோகும் அளவுக்குச் சிறியவை. பாதையோரத்தில், புதர்கள் மூடிக்கொண்டு வரும் ஓரிடத்தில், மகள் குனிந்து நின்றுவிட்டாள். நிழலில் ஒரு செடி. நீண்ட வெளிர்பச்சை இலைகள், நுனியில் எள்ளளவு பொறிகள். "அப்பா, இது நம்ம மொதல் செடி மாதிரியே இருக்கு" என்றாள்.

அதற்கு உரம் வேண்டியிருக்கவில்லை. பக்கத்துப் புதரை நெருப்பு எடுத்துக்கொண்டால் போதும். ஆனால் வீடுகளும் சாலைகளும் நெருங்கி வந்தபின் தீ வைப்பது எளிதல்ல. புகை வருகிறது என்று சுற்றிலும் இருப்பவர்கள் முறையிடுவார்கள். இது ஒருபுறம். மறுபுறம் இரவில் வந்து செடிகளைத் தோண்டிப் பையில் அடைத்துக்கொண்டு போகிறவர்கள். 2014 டிசம்பர் முதல் வட கரோலினாவில் இது பெருங்குற்றம். இருந்தும் திருட்டு நின்றபாடில்லை. திசு வளர்ப்பில் கோடிக்கணக்கில் பெருக்கக்கூடிய ஒன்றைக் காட்டிலிருந்து திருட வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் கொடுமை. வாங்குகிறவர்கள் வளர்ப்புச் செடிதானா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கலாம்.

அந்தப் பச்சைக் குடுமியைத் தண்டோடு நறுக்கி ஈரமான ஸ்பேக்னம் பாசியின்மேல் படுக்க வைத்தோம். வேர் விட ஐந்து வாரம் ஆயிற்று. இப்போது அது நான்கு தனிச்செடிகள். தகவல் அறிந்த நண்பர் ஒருவர் தமக்கு ஒன்று வேண்டுமென்று தொலைபேசியில் கேட்டார். பொறிகள் எவ்வளவு பெரிதாக வரும் என்றும் விசாரித்தார். நான் பதில் சொல்வதற்குள் மகள் தொலைபேசியை வாங்கி, உங்கள் வீட்டில் எந்தப் பக்கத்து ஜன்னலில் வெயில் வரும், மாமா என்று கேட்டாள். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். செடிகள் இன்னும் எங்களிடமே இருக்கின்றன.